தென்காசிப் பெட்டியின் காந்தாரம்

ஈப்போவில் எங்கள் வீட்டு வேலிக்கு வெளியே ரம்புத்தான் பழம் விழுந்து எறும்பு மொய்த்துக் கிடக்கும். பொறுக்குவதற்கு ஆள் இருக்காது. தென்காசிப் பேருந்து நிலையத்தில் அதையே வாழைநாரில் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். தொட்டால் கடைக்காரர் முறைக்கிறார். நான் தொட்டேன், அவர் முறைத்தார். இப்படித்தான் அந்த ஊருக்கும் எனக்கும் பழக்கம் ஆரம்பித்தது.

வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்க் கோயிலை ஒட்டிப் பிள்ளைகளுக்கு மாலை நேரப் பாட்டு வகுப்பு ஒன்று நடக்கிறது. நெடுங்காலம் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். தொண்டையில் டாக்டர் கத்தி வைத்த பிறகு என் குரல் தகரத்தைத் தரையில் இழுப்பது போல ஆகிவிட்டது. வேறு ஆசிரியர் வேண்டும் என்று அறிவித்தோம். தென்காசிப் பக்கம் இலத்தூரிலிருந்து செண்பகம் என்ற பெண் விண்ணப்பித்திருந்தாள். என் மகள் வயதுதான், அதனால் ஒருமையில் எழுதுகிறேன். நேரில் பாடக் கேட்டு, பதிவு செய்து அனுப்பினால் எங்கள் குழு முடிவு சொல்லும். குரல் போனாலும் காது போகவில்லை என்பதால் என்னை விமானத்தில் ஏற்றி விட்டார்கள்.

நகரப் பேருந்தில் ஏறி இலத்தூர் என்றேன். நடத்துநர் தலையாட்டினார். ஊருக்குள் போகாத பேருந்து அது என்பது, ஊருக்குப் பாதை பிரியும், ஆள் அரவமில்லாத ஒரு விலக்கில் அவர் என்னைப் பெட்டியோடு இறக்கிவிட்ட பிறகுதான் தெரிந்தது. தூறல் விழுந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர் மழை கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். இங்கே காற்றில் பொடிப்பொடியாக நீர் நிற்கிறது, குடை பிடித்தாலும் பக்கவாட்டில் வந்து நனைக்கிறது. பால் கேன் கட்டிய வண்டியில் வந்த ஒருவர் நிறுத்தி, நான் யார் எவர் என்று கேட்பதற்கு முன்பே என் பெட்டியை வாங்கிக் கேனுக்கு மேல் வைத்தார்.

"மலேசியாவா? எங்க மச்சான் அங்கனதான் இருக்காவ. பினாங்கு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார். தெரியாது என்று சொன்னால் வருத்தப்படுவாரோ என்று, பார்த்திருக்கலாம் என்று சொல்லிவைத்தேன்.

செண்பகத்தின் அண்ணன் சுடலைமுத்து வாசலிலேயே நின்றார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மீசையும் நிற்கிற விதமும் அதைச் சொல்லின. "வாங்க அண்ணாச்சி. நனைஞ்சிட்டியளே. பயப்படாதீங்க, சாரல்ல நனைஞ்சா ஒண்ணும் செய்யாது" என்று துண்டைக் கொடுத்தார். அவர் மனைவி கூட்டாஞ்சோறு ஆக்கியிருந்தார். முருங்கைக்கீரையும் மாங்காயும் போட்டு, அப்பளத்தோடு சூடாக. பசியில் நான் வெட்கமில்லாமல் இரண்டாவது தட்டும் வாங்கினேன். ஈப்போவில் இதே பெயரில் கோயில் அன்னதானத்தில் ஒன்று போடுவார்கள். இதைச் சாப்பிட்டவர்கள் அதை மன்னிக்கமாட்டார்கள்.

சாப்பிடும்போதே விஷயம் தெரிந்துவிட்டது. செண்பகத்தின் கணவன் அவளை விட்டுவிட்டுப் போய் நாளாகிறது. அண்ணன் வீட்டில் ஓர் அறையில் இருக்கிறாள். தனியார் பள்ளி ஒன்றில் பாட்டு டீச்சராக இருந்தாள். மலேசியா என்றதும், பாடிக் காட்டுவதற்கு முன்பே, அந்த வேலையை எழுதிக் கொடுத்துவிட்டாள். ஆவணியில் சுடலைமுத்துவின் மகனுக்குக் கல்யாணம். வருகிற மருமகளுக்குக் கொடுக்க அந்த வீட்டில் இருப்பது செண்பகத்தின் அறை மட்டும்தான். "அவதான் பிளேன் ஏறிருவாள்லா. அதான் கட்டிலுக்குச் சொல்லிட்டேன்" என்றார் அண்ணன். யாரும் யாரையும் துரத்தவில்லை. எல்லாம் பொருந்தி வந்துவிட்டதாக மூவரும் சந்தோஷமாக இருந்தார்கள். நானோ இன்னும் ஒரு வரி கூடப் பாடக் கேட்கவில்லையே.

மாலையில் ஆர்மோனியத்தை எடுத்து வைத்தாள். அதை இங்கே யாரும் ஆர்மோனியம் என்பதில்லை, பெட்டிதான். சந்தனம், குங்குமம் வைத்த பெட்டி. குரல் நல்ல குரல். அழுத்தமானது, நடுங்காதது. பிள்ளைகள் கேட்டால் பின்னாலேயே போகும். முதல் பாடத்திலிருந்து பாடச் சொன்னேன். ஸ, ரி, அடுத்து க. அங்கே என் முதுகு நிமிர்ந்தது.

க என்கிற காந்தாரம் இறங்கி நின்றது. பாட்டுத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: படிக்கட்டில் மூன்றாவது படி மட்டும் அரை விரல் தாழ்ந்திருந்தால் கால் எப்படித் தடுக்குமோ அப்படி. மேலே போகும்போதும் தாழ்வு, கீழே வரும்போதும் தாழ்வு. கீர்த்தனை பாடினாள், அதிலும் அப்படியே. தற்செயலாகப் பிசகுகிறவர்கள் ஒரு தடவை பிசகுவார்கள், ஒரு தடவை சரியாக விழும். இவள் ஒரு தடவை கூடத் தவறாமல் தப்பாகப் பாடினாள். பெட்டியும் அவளோடு சேர்ந்தே தப்பாக ஒலித்தது.

"பெட்டி புதுசா?" என்றேன்.

"ஆமா சார். எனக்குச் சொல்லிக் குடுத்த கோமதி டீச்சரோட பெட்டில ரெண்டு கட்ட ஒடைஞ்சு போச்சுன்னு வாங்குனேன். வந்தப்ப இதுல க ஏறிக் கெடந்துச்சு. பழைய பெட்டியையும் இதையும் காசிம் பாய் கடைக்குத் தூக்கிட்டுப் போயி, பக்கத்துல பக்கத்துல வச்சு, அது மாதிரியே ராவிக் குடுங்கன்னு ஒக்காந்து வாங்கிட்டு வந்தேன்." சொல்லும்போது அவள் முகத்தில் பெருமை இருந்தது. சுருதிக்காக இவ்வளவு மெனக்கெடுகிற ஆளை நான் பார்த்ததில்லை. சரியாக இருந்த பெட்டியைக் கொண்டுபோய், பக்கத்தில் உட்கார்ந்து, கெடுத்து வாங்கி வந்திருக்கிறாள்.

அதை அவளிடம் சொல்லாமலே, குழுவோடு பேசியிருந்தபடி பதிவை எங்கள் செயலாளருக்கு அனுப்பினேன். அவருக்குப் பாட்டும் பஸ் ஹார்னும் ஒன்றுதான். அவர் மட்டும் கேட்டு முடிவு செய்தால் பிழைத்துக்கொள்வாள் என்று அல்பத்தனமாக ஓர் ஆசை இருந்தது.

மறுநாள் சுடலைமுத்து என்னைக் குற்றாலம் காட்டுகிறேன் என்று ஸ்கூட்டரில் ஏற்றினார். வழி நெடுகச் சீசன் கூட்டம். உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்து, ஜட்டியோடு சாலையைக் கடக்கிறவர்களை ஈப்போவில் போலீஸ் பிடித்துவிடும். இங்கே போலீஸ்காரர் அவர்களுக்காக வண்டிகளை நிறுத்துகிறார். அருவியில் தண்ணீர் செம்மண் நிறத்தில் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்தது. யாரையும் குளிக்க விடவில்லை. விசில் ஊதிக்கொண்டே இருந்தார்கள். குளிக்க வந்த குடும்பங்கள் துண்டும் சோப்புமாகக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அருவியைப் பார்த்தன. "நேத்து வந்திருந்தா குளிச்சிருக்கலாம்னு சொல்லுதாக. நேத்து வந்தவன் முந்தாநாள்னு சொன்னான்" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் பிடிவாதமாக வாங்கிய ரம்புத்தான் கொத்தை ஒரு குரங்கு என் கையிலிருந்தே எடுத்துக்கொண்டு போனது. தோலை உரித்து என் முன்னாலேயே துப்பியது. சுடலைமுத்து ரொம்ப நேரம் சிரித்தார். திரும்பும்போது ஸ்கூட்டர் கிளம்பவில்லை. பிளக்கைக் கழற்றித் துடைத்தபடி, எதிரே பாசி பிடித்து நின்ற ஒரு பழைய பங்களாவைக் காட்டினார்.

"இங்கனதான் அண்ணாச்சி, பெட்டி வாத்தியார் வருசா வருசம் சாரலுக்கு வந்து வாசிப்பாராம்."

யார் அவர் என்று கேட்டேன். தென்காசிக்குப் பாட்டு வந்த கதையை ரோட்டோரம் நின்றுதான் கேட்டேன். நாடகக் கம்பெனி ஒன்று இந்தப் பக்கம் வந்து நொடித்துப் போயிருக்கிறது. நடிகர்கள் எல்லாம் போய்விட, பெட்டி வாசித்தவர் மட்டும் தங்கிவிட்டார். நிலபுலன் உள்ள வீடுகளில் பெண்களுக்குப் பாட்டு சொல்லிக் கொடுக்கக் கூப்பிட்டார்கள். சங்கீதம் வளர்க்க அல்ல. பெண் பார்க்க வருகிறவர்கள் "பாடுமா?" என்று கேட்பார்கள், அதற்கு. ஒரு பெண்ணுக்கு மூன்று பாட்டு. அவ்வளவுதான் படிப்பு. வரன் அமைந்தால் வகுப்பு நின்றுவிடும். "எங்க அத்தைக்கும் மூணு பாட்டு. வந்தவன்லாம் கேட்டுட்டு, கேசரி சாப்பிட்டுட்டுப் போயிருவான். கடைசில முடிஞ்சது ஒரு ரெண்டாந்தாரம். அவன் பாட்டே கேக்கல. அப்புறம் அத்தை சாமி ரூம்ல கூட வாயத் தொறக்கல" என்றார் சுடலைமுத்து. ஸ்கூட்டரை உதைத்தார். அது கிளம்பவில்லை.

அந்த வாத்தியாரிடம் படித்து, கல்யாணம் ஆகாமல், அதனாலேயே பாட்டை விடாமல் இருந்தவர்தான் கோமதி டீச்சர். வாத்தியார் காலமானதும் பெட்டி அவருக்கு வந்தது. பள்ளியில் சொல்லிக் கொடுத்தார், வீட்டில் சொல்லிக் கொடுத்தார், தென்காசியில் இன்றைக்குப் பாட்டுத் தெரிந்த பெண்கள் அத்தனை பேரும் அவர் பிள்ளைகள். அவரிடம் படித்தவள் செண்பகம். இப்போது செண்பகத்திடம் ஒரு கூட்டம் படிக்கிறது.

"ஆனா அண்ணாச்சி, பெரிய பரீட்சைன்னு திருநவேலிக்குப் போனா நம்ம ஊர்ப் பிள்ளை ஒண்ணு கூடத் தேறாது. கோமதி டீச்சர் எத்தன தடவ எழுதுனாவ. என் தங்கச்சி எத்தன தடவ. ஊர் பேரைப் பாத்ததும் ஃபெயில் போட்டுருதான். எல்லாம் ஆள் பாத்துச் செய்யிதது."

அங்கே உட்கார்ந்து மதிப்பெண் போட்ட பெரிய மனிதர்களில் ஒருவராவது, அம்மா, உன் காந்தாரம் தாழ்ந்திருக்கிறது, உன் பெட்டியைப் பார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். அவர்கள் சைபர் போட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டார்கள். ஒருவழியாக ஸ்கூட்டர் கிளம்பியதும், பார்டர் என்கிற கேரள எல்லைப் பக்கத்துக் கடையில் சுடலைமுத்து நிறுத்தினார். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக் கோழிச் சால்னாவை ஊற்றினார்கள். நல்ல சாப்பாடுதான். நான் பாதியில் கை கழுவினேன்.

அன்று மாலை செண்பகத்திடம் சொன்னேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தும் ஒன்றும் வரவில்லை, நேராகவே சொல்லிவிட்டேன். என்னால் பாடிக் காட்டவும் முடியாது. போனில் இருக்கும் சுருதிக் கருவியில் சரியான காந்தாரத்தை ஒலிக்க விட்டேன்.

கேட்டாள். "இது ஏறிக் கெடக்கு சார்" என்றாள்.

ஒரு சினிமாப் பாட்டு பாடச் சொன்னேன். கூச்சத்தோடு பாடினாள். அதில் அதே சுரம் அப்பழுக்கில்லாமல் நின்றது. அவள் காது கெட்டுப்போகவில்லை, பாடம்தான் கெட்டுப்போயிருக்கிறது. அந்த இடத்தில் நிறுத்தி, பெட்டியில் க கட்டையை அமுக்கச் சொன்னேன். குரலும் பெட்டியும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஒலித்தன. அவள் திரும்பத் திரும்ப அமுக்கினாள்.

"ஒண்ணாத்தானே சார் இருக்கு?"

"இல்லைம்மா."

"நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்." கொஞ்ச நேரம் துருத்தியைத் தடவிக்கொண்டிருந்தாள். "அப்ப டீச்சர் ஃபெயிலானது இதுனாலயா? சாகுத வரைக்கும் திருநவேலிக்காரங்களத் திட்டிக்கிட்டே இருந்தாவ. யாருமே சொல்லலையே சார்."

அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை. போனை மட்டும் கேட்டாள். "காலைல தாரேன். அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

விடிந்து, போனைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் கண் சிவந்திருந்தது. பெட்டியைச் சரி செய்தால் தானும் சரியாகிவிடலாம் என்று முடிவு செய்திருந்தாள். பாய் கடைக்குப் போக ஆட்டோ பிடித்தோம். பாதி வழியில் செயலாளரின் பதில் வந்தது. பதிவை அவர் தன் மனைவியிடம் போட்டுக் காட்டியிருக்கிறார். அந்த அம்மாள் முறையாகப் பாடம் கேட்டவர். செயலாளர் இரண்டு வரிதான் எழுதியிருந்தார்: சுரம் சேரவில்லை, வேண்டாம். வேறு ஊரில் ஒருவரிடம் பேசி முடித்துவிட்டோம், நீங்கள் திரும்பலாம்.

ஆட்டோவின் சத்தத்துக்கு மேல் கத்திச் சொல்கிற விஷயமா இது? ஒரு டீக்கடையில் நிறுத்தச் சொன்னேன். நான் செயலாளருக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன், ஒரு மாதம் கொடுங்கள் என்று கெஞ்சினேன். பேசியாயிற்று என்றார். செண்பகம் ரஸ்க்கை டீயில் நனைத்துக்கொண்டே என் பக்கத்துப் பேச்சை முழுக்கக் கேட்டுவிட்டாள்.

"சரி சார்" என்றாள். "அறைய ஒழிச்சுக் குடுக்கணும். அண்ணன் கட்டிலுக்குச் சொல்லிட்டாவ."

"எங்கேம்மா போவே?"

"பாக்கணும். டீ ஆறுது, குடிங்க."

திரும்பிவிடலாம் என்று சொன்னேன். அவள் கேட்கவில்லை. சாயங்காலம் பிள்ளைகள் வருமாம், பெட்டியை இப்படியே வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுக்க முடியாதாம்.

காசிம் பாய் கடையில் தையல் மெஷின், மிக்ஸி, ரேடியோ எல்லாம் திறந்து கிடந்தன. விஷயத்தைச் சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார். "எனக்குப் பாட்டுத் தெரியாதும்மா. ரெண்டையும் ஒண்ணாக்கச் சொன்னிய, ஆக்கிக் குடுத்தேன். பழைய பெட்டி அந்தக் காலத்துல குத்தாலத்துச் சாரல்ல நனைஞ்சு, அந்த ஒரு ரீடு களிம்பேறிப் போச்சுன்னு எங்க வாப்பா சொல்லுவாவ. வாத்தியாரு அந்தக் கட்டைய மட்டும் தொட மாட்டாராம். அந்த எடம் வந்தா வாயாலயே பாடிக் காட்டுவாராம். அடுத்த மாசம் மருதைக்குக் கொண்டுபோயி மாத்துதேன், அடுத்த மாசம் மாத்துதேன்னு சொல்லிக்கிட்டே இருந்து மௌத்தாயிட்டாரு."

வாத்தியாருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் தொடாமல் தாண்டிப் போன கட்டையை, அவர் போனபின் பிள்ளைகள் சாமியாக நினைத்து அமுக்கியிருக்கிறார்கள். குருநாதர் பெட்டி பொய் சொல்லுமா? முகம் தெரியாத அந்த மனிதர் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஊரில் சோறு போட்டார்கள், கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். பெட்டி கெட்டுப்போயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல என்ன வந்தது?

பாய் பெட்டியைத் திறந்தார். உள்ளே வரிசையாகப் பித்தளை நாக்குகள், அவற்றைத்தான் ரீடு என்கிறார்கள். முன்னே அடிப்பக்கம் ராவித் தாழ்த்தியதை, இப்போது நுனியை ராவி ஏற்றப் பார்த்தார். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்சம் ஏறியது. இன்னும் கொஞ்சம். ஏற்கெனவே மெலிந்திருந்த ரீடு, அரம் பட்ட மூன்றாவது இழுப்பிலோ நான்காவதிலோ, அடியில் முறிந்து கையோடு வந்துவிட்டது.

"போச்சு" என்றார் பாய். மாற்று ரீடு மதுரையில்தான் கிடைக்கும் என்றார். அடுத்த வாரம் போகிறேன் என்றார். அடுத்த வாரம் என்ற வார்த்தையைக் கேட்டு செண்பகம் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் பார்த்த அவள் சிரிப்பு அது ஒன்றுதான்.

வகுப்பு தென்காசியில், ஒரு ஸ்டுடியோவுக்குப் பின்னால் உள்ள கூடத்தில். பிள்ளைகள் ஈரச் செருப்புகளை வாசலில் குவித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். கூட்டி வந்த அம்மாக்கள் கதவோரம் நின்றார்கள். பலருக்கு டிசம்பரில் திருநெல்வேலியில் பரீட்சை. செண்பகம் ஓட்டைப் பெட்டியை முன்னால் வைத்துத் துருத்தியை இழுத்தாள். ஸ ஒலித்தது. ரி ஒலித்தது. அடுத்த கட்டையை அமுக்கியபோது காற்று மட்டும் சீறியது.

பிள்ளைகள் தயங்கவே இல்லை. பெட்டி விட்ட இடத்தை அவர்களே நிரப்பினார்கள். எல்லா வாயும் சேர்ந்து ஒரே காந்தாரம். அதே தாழ்ந்த காந்தாரம், ஒரு குரல் கூட விலகாமல். அவ்வளவு ஒற்றுமையாகப் பிள்ளைகள் பாடி நான் எங்கும் கேட்டதில்லை, என் வகுப்பிலும்தான்.

செண்பகத்தின் கை துருத்தியிலேயே நின்றுவிட்டது. இன்னொரு தடவை பாடச் சொன்னாள். பாடினார்கள். மறுபடியும் சொன்னாள். மறுபடியும் பாடினார்கள். நான் அவளுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன். திரும்பாமலே மெல்லச் சொன்னாள்.

"இப்பக் கேக்குது சார்."

அதைச் சொல்லிவிட்டுக் குனிந்து, பெட்டியின் கொக்கியை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். பிள்ளைகள் அடுத்த வரிசைக்குப் போகலாமா என்று அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

கதவோரம் நின்ற ஓர் அம்மா, தன் பிள்ளையின் குடையை மடக்கிக்கொண்டே சொன்னார். "டீச்சர், பெட்டி இல்லாமலே பிள்ளைய எவ்வளவு சேந்து பாடுதுக பாத்தியளா. இந்தத் தடவ எப்படியும் பாஸாயிரும், இல்லையா?"

"ஆமாக்கா" என்றாள் செண்பகம். "நல்லாப் பாடுதுக."